கரிசலில் ஒரு நொடி

வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்து வெளியே வரும்போது, வண்டி நிறுத்தியிருந்த புல்தரையில் மாமா குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். நண்பனின் மாமனார். மகளைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆஸ்டின் வந்திருந்தவரையும் ஃபார்முலா ஒன் ரேஸுக்கு இழுத்து வந்திருந்தோம். கட்டைவிரலால் மண்ணை நசுக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாப்ள, இது நம்மூர்க் கரிசலாட்டவே இருக்குதுங்களே” என்றார்.

மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. நியூஜெர்சியிலிருந்து வந்தவனுக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்தவனுக்கும் நடுவே சிக்கியிருந்தான். “முக்கால் நொடி முன்னாடி இருக்கான்டா. ஞாயித்துக்கெழம டிவிய போடவே வேணாம்” என்கிறான் ஒருவன். “அவன் டேங்க்ல எவ்ளோ இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?” என்கிறான் மற்றவன். ஆண்டுதோறும் அக்டோபரில் இதே சண்டைதான். ஓட்டுநர்களின் பெயர் மட்டும் மாறும். சீடர் பார்க்கில் இருக்கும் வீடு வந்து சேரும்வரை ஓயவில்லை. எனக்கென்னவோ அன்று அந்த வாகனத்தில் அறிவியலுக்கு மிக அருகில் வந்தவர், கையில் மண்கட்டியோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மாமாதான் என்று தோன்றியது.

பயிற்சி நேரங்களை நம்பி ரேஸைக் கணிப்பதில் உள்ள ஆபத்துக்கு இந்தத் தடத்தின் முதல் பந்தயமே சாட்சி. 2012 நவம்பர் 18. ஆஸ்டினின் தென்கிழக்கே ‘சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ்’ திறந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் ரெட் புல் காரில் செபாஸ்டியன் வெட்டல் முதலிடம். இரண்டாவதாக வந்த மெக்லாரன் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் அவரைவிட 1.4 நொடி மெதுவு. ஃபார்முலா ஒன்னில் 1.4 நொடி என்பது ஒரு யுகம். சனிக்கிழமை காலைப் பயிற்சியில் அந்த இடைவெளி கால் நொடியாகச் சுருங்கியது. அன்று மதியம் தகுதிச் சுற்றில் வெட்டல் 1 நிமிடம் 35.657 நொடி, ஹாமில்டன் 0.109 நொடி பின்னால். தடத்தின் நீளம் 5.513 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடி முடித்தபோது இருவருக்கும் இருந்த வித்தியாசம் ஆறே மீட்டர், அதாவது ஒரு கார் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மறுநாள் 56 சுற்றுகள் முடிந்தபோது ஹாமில்டன் 0.675 நொடி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

ஆக, வெள்ளிக்கிழமை 1.4 நொடி எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

முதலில் எடை. ஒரு கார் பந்தயத்தில் செலவழிக்கக்கூடிய எரிபொருள் அதிகபட்சம் 110 கிலோ என்ற வரம்பு 2019இலிருந்து பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2012இல் அப்படி வரம்பில்லை. அதைவிடக் கூடுதலாகவே நிரப்பினார்கள். பத்து கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி போகும் என்பது பிட்லேனில் எல்லோரும் வைத்திருக்கும் வாய்ப்பாடு. பயிற்சியில் யார் எத்தனை கிலோ வைத்து ஓட்டுகிறார் என்பதை எந்த அணியும் சொல்லாது. நாற்பது கிலோ வித்தியாசம் இருந்தால் அதுவே 1.2 நொடியை விழுங்கிவிடும். எஞ்சினை முழு வலுவில் ஓட விடாமல் அடக்கி வைப்பது இன்னொரு வேஷம். திரையில் தெரியும் நேரம் உண்மையான நேரம்தான். அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதுதான் நமக்குத் தெரியாது.

இதனால்தான் விவரமான ரசிகர்கள் ஒற்றைச் சுற்று நேரத்தை விட்டுவிட்டு ‘லாங் ரன்’ பார்க்கிறார்கள். ஒருவர் நிறுத்தாமல் எட்டு, பத்துச் சுற்றுகள் ஓட்டும்போது அந்த நேரங்களை வரிசையாக எழுதிக்கொள்வது. இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 110 கிலோவை 56 சுற்றுகளுக்கு வகுத்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 2 கிலோ எரிகிறது. பத்து கிலோவுக்கு 0.3 நொடி என்றால் 2 கிலோவுக்கு 0.06 நொடி. அதாவது கார் தானாகவே ஒவ்வொரு சுற்றுக்கும் 0.06 நொடி வேகம் கூட வேண்டும். ஆனால் தாளில் பத்துச் சுற்றும் ஒரே நேரமாக இருக்கிறது என்று வையுங்கள். எடை குறைந்ததில் கிடைத்த லாபம் எங்கே? டயர் தின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த டயர் சுற்றுக்கு 0.06 நொடி தேய்கிறது. இருபது சுற்றில் 1.2 நொடி. மாறாமல் நிற்கும் ஓர் எண்ணுக்குள் இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒளிந்திருக்கின்றன. ஃப்ரீமான்ட் நண்பன் இதை எக்செல் தாளில் போட்டு வண்ணம் தீட்டிக் காட்டுவான். அவன் சொல்வது பாதி நேரம் சரியாக இருக்கும். அந்தப் பாதியை மட்டும் அவன் மறக்கவே மாட்டான்.

ஆனால் 2012இன் 1.4 நொடிக்கு எடை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அங்கே பெரிய ஆட்டக்காரர் தரை.

புதுத் தார்ச்சாலையில் கற்களின்மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். ரேஸ் காரின் டயர் சாலையைப் பிடிப்பது இரண்டு வகையில்: சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் நெளிந்து நுழைந்து பற்றுவது ஒன்று, ரப்பர் மூலக்கூறுகளே சாலைப் பரப்போடு, முக்கியமாக ஏற்கனவே அங்கே ஒட்டியிருக்கும் ரப்பரோடு, ஒட்டிப் பிரிவது இன்னொன்று. புதுத் தடத்தில் முந்தைய கார்கள் விட்டுச்சென்ற ரப்பர் கிடையாது. எண்ணெய் வேறு. போதாததற்கு, புதுத் தடம் எப்படித் தேய்க்குமோ என்ற எச்சரிக்கையில் பிரெல்லி நிறுவனம் மீடியம், ஹார்ட் என்று கடினமான டயர்களைக் கொண்டுவந்திருந்தது. கடின ரப்பர் நூறு டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறினால்தான் நெகிழ்ந்து பிடிக்கும். சூடேற வேண்டுமென்றால் உராய்வு வேண்டும்; உராய்வுக்குப் பிடிப்பு வேண்டும்; பிடிப்புக்குச் சூடு வேண்டும். இந்த வட்டத்துக்குள் முதலில் நுழைய முடிந்தவருக்கு அதிக ஆதாயம். ரெட் புல் காரின் பலம் அதன் கீழழுத்தம், அதாவது காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அமுக்கும் விசை. அமுக்கம் கூடினால் டயர் சீக்கிரம் சூடேறும். மற்றவர்கள் வழுக்கிக்கொண்டிருந்தபோது வெட்டல் ஓட்டிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு என்று நாள் நகர நகரத் தடத்தில் ரப்பர் படிந்தது. எல்லோருக்கும் பிடிப்பு வந்தது. முதல் பயிற்சியில் 1 நிமிடம் 38 நொடிக்கு மேல் போன அதே வெட்டல், தகுதிச் சுற்றில் 1:35க்கு இறங்கிவிட்டார். கார் அதேதான். சாலை வேறாகிவிட்டது.

அந்த வார இறுதியில் ரப்பரின் மதிப்பை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் ஃபெராரிக்காரர்கள். பந்தயம் தொடங்கும் வரிசையில் ஒற்றைப்படை இடங்கள் கார்கள் ஓடி ஓடி ரப்பர் படிந்த பக்கம். இரட்டைப்படை இடங்கள் தூசி மண்டிய பக்கம். அவர்களுடைய பெர்னாண்டோ அலோன்சோவுக்கு வாய்த்தது 8ஆம் இடம், தூசிப்பக்கம். அவருக்கு முன்னால் நின்றது அதே அணியின் ஃபெலிப்பி மாஸா. என்ன செய்தார்கள்? மாஸா காரின் கியர்பாக்ஸ் முத்திரையை வேண்டுமென்றே உடைத்தார்கள். விதிப்படி மாஸாவுக்கு ஐந்து இடத் தண்டனை. அலோன்சோ ஓரிடம் முன்னேறி 7ஆம் இடத்துக்கு, சுத்தமான பக்கத்துக்கு வந்தார். விளக்கணைந்ததும் பாய்ந்து நான்காம் இடத்துக்குப் போனார். இரண்டாம் இடத்தில், தூசிப்பக்கம் நின்ற ஹாமில்டனோ முதல் வளைவுக்குள் மார்க் வெப்பரிடம் இடத்தைப் பறிகொடுத்தார். கூட்டாளியின் காரைத் தண்டனைக்குள்ளாக்கிச் சில மீட்டர் ரப்பரை வாங்கியது நியாயமா என்று அன்றைக்குப் பெரிய வாதம். நியாயத்தை விடுங்கள், இயற்பியல் அவர்கள் பக்கம் இருந்தது.

மாமாவின் மண்கட்டிக்கு வருகிறேன். அவர் சொன்னது ஏதோ ஊர்ப்பாசத்தில் சொன்னதில்லை. சான் அந்தோனியோவிலிருந்து வடக்கே ஆஸ்டின், டல்லாஸ் வழியாகப் போகும் கரும்புல்வெளிப் பட்டையில் இந்தத் தடம் உட்கார்ந்திருக்கிறது. அந்த மண்ணுக்கு மண்ணியலாளர்கள் வைத்த வகைப்பெயர் வெர்ட்டிசால். நம் பருத்திக் கரிசலும் அதே வகைதான். டெக்சஸின் மாநில மண் என்ற பட்டம்கூட ‘ஹூஸ்டன் பிளாக்’ என்ற கரிசலுக்குத்தான். பருத்தி இங்கும் விளைந்தது, அங்கும் விளைந்தது. இந்த மண்ணிலுள்ள களித்துகள்கள் ஏடு ஏடாக அடுக்கியவை. மழை பெய்தால் ஏடுகளுக்கு நடுவே நீர் புகுந்து மண் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல் காட்டில் வீடு கட்டியவர்களுக்குச் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே சாலை போட்டால் மட்டும் அது சும்மா இருக்குமா? வருடா வருடம் உப்பிச் சுருங்கி, தார்ச்சாலையில் அலை எழுப்பியது. ஓட்டுநர்கள் முதுகு நொந்து புகார் சொன்னார்கள். சில பகுதிகளைப் பெயர்த்து மறுபடி தார் போட்டார்கள். மேடுபள்ளம் முழுதாகப் போகவில்லை.

2023 அக்டோபர் 22 அன்று அந்த மேடுபள்ளம் இரண்டு பெரிய மனிதர்களின் பந்தயத்தையே பறித்தது. கார்களின் அடித்தளத்தில் பத்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பலகை உண்டு. கார்கள் தரையோடு தரையாகத் தாழ்ந்து ஓடக் கூடாது என்பதற்காக 1994இல் கொண்டுவந்த காவல் ஏற்பாடு அது. பந்தயம் முடிந்தபின் அளக்கும்போது குறைந்தது ஒன்பது மில்லிமீட்டராவது மிச்சமிருக்க வேண்டும். ஏன் யாராவது அந்த ஒரு மில்லிமீட்டர் எல்லையை உரச வேண்டும்? அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே காற்று நெருக்கிப் பாயும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கார் தரையை நோக்கி உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு உறிஞ்சல், அவ்வளவு பிடிப்பு. ஆகவே எல்லோரும் எல்லைக்கோட்டில்தான் வாழ்கிறார்கள். அந்த வாரம் ஸ்பிரின்ட் பந்தயமும் இருந்ததால் பயிற்சிக்கு ஒரே ஒரு மணி நேரம். அதன்பின் காரின் உயரத்தை மாற்ற அன்றைய விதி அனுமதிக்கவில்லை. முழுத் தொட்டியோடு நீண்ட ஓட்டம் ஓடிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஞாயிறன்று 56 சுற்றும் கரிசல் மேடுகளில் பலகை உரசியது. இரண்டாவதாக வந்த ஹாமில்டன், ஆறாவதாக வந்த சார்ல் லெக்லர் இருவரின் பலகையும் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தது. இருவரும் தகுதி நீக்கம்.

இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். “வெள்ளாமைக்கு முன்னால மண்ணப் பாக்காம எறங்கினா அப்புடித்தானுங்.”

பயிற்சி என்பது யார் வேகம் என்று காட்டும் கண்காட்சி என நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பவர்களுக்கு அது மண் பரிசோதனை. இதற்கு இன்னும் கசப்பான உதாரணமும் அமெரிக்காவில்தான் நடந்தது. அதில் நம் கோயம்புத்தூர்க்காரரும் இருந்தார். 2005 ஜூன், இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சரிவாகக் கட்டப்பட்ட 13ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா கார் டயர் பிய்ந்து சுவரில் மோதியது. சரிவான வளைவில் அதிவேகத்தில் போகும்போது காரின் எடையோடு பக்கவாட்டு விசையும் சேர்ந்து வெளிப்பக்க டயரை அமுக்கும். அந்தச் சுமையை மிஷ்லின் டயர்களின் பக்கச்சுவர் தாங்கவில்லை. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர் என்பது அந்த ஆண்டு விதி. சனி முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தும் தீர்வு பிறக்கவில்லை. ஞாயிறன்று இருபது கார்களும் சம்பிரதாயச் சுற்று ஓடின. பின் மிஷ்லின் டயர் மாட்டிய பதினான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்லேனுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் மாட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டன் காரில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான். ஆறு பேர் ஓடிய பந்தயம்தானே என்று கேலி செய்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை சொன்ன தகவலைக் கேட்டவர் எத்தனை பேர், கேட்காதவர் எத்தனை பேர் என்றும் அதைப் பார்க்கலாம்.

கார்த்திகேயன் பெயர் வந்ததும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரிக் காலத்தில் பஸ் ஏறிச் சோழவரம் போய், பழைய போர்க்கால விமான ஓடுபாதையில் ரேஸ் பார்த்தவர். நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டிய காலத்துக் கதைகளெல்லாம் அவரிடம் உண்டு. “நம்ம பையன் இங்கயும் ஓட்டினானுங்களா?” என்றார். ஓட்டினார். ஓட்டியது மட்டுமில்லை, 2012 நவம்பர் 18இல் ஆஸ்டினில் பந்தயம் திரும்பிய கணத்தில் அவர்தான் நடுவில் இருந்தார்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வேண்டும்.

முந்துதல் என்பது வேகமான கார் மெதுவான காரைத் தாண்டுவது என்று நினைத்தால், ஹைவேயில் லாரியை முந்தும் கணக்கு அது. ரேஸில் இரண்டு கார்களும் ஏறக்குறைய சம வேகம். பின்னால் வருபவர் ஒரு நொடி பின்னால் இருக்கிறார் என்று வையுங்கள். ஆஸ்டினின் 11ஆம் வளைவு கொண்டை ஊசி. அங்கே வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் ஒரு நொடி என்றால் 25 மீட்டர். எட்டிப்பிடித்துவிட்டார் என்று டிவி பார்ப்பவர் நாற்காலி நுனிக்கு வருவார். வளைவு முடிந்து ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நேர்ச்சாலையில் முன்னவர் முதலில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு நொடி 83 மீட்டர். நழுவிவிட்டார் என்று டிவி பார்ப்பவர் சாய்ந்துகொள்வார். யாரும் பிடிக்கவும் இல்லை, யாரும் நழுவவும் இல்லை. நொடி அப்படியேதான் இருக்கிறது. மீட்டர்தான் ரப்பர் நாடாபோல் நீண்டு சுருங்குகிறது.

இப்போது டிஆர்எஸ் வருகிறது. 2011இல் அறிமுகமாகி 2025 வரை இருந்த ஏற்பாடு: குறிப்பிட்ட இடத்தில் முன்காருக்கும் பின்காருக்கும் இடைவெளி ஒரு நொடிக்குள் இருந்தால், பின்னவர் தன் பின்சிறகின் ஒரு தட்டைத் திறந்து காற்றுத்தடையைக் குறைத்துக்கொள்ளலாம். சராசரியாக மணிக்கு 10 கிலோமீட்டர் ஆதாயம், ஒன்பது நொடிக்குக் கிடைக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.8 மீட்டர், மொத்தம் 25 மீட்டர். 300 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் என்பது வெறும் 0.3 நொடி. முன்கார் பிளந்துவிட்ட காற்றுக்குள் ஒளிந்து போவதால் கிடைக்கும் இழுப்பையும் சேர்த்தால் அரை நொடி என்று தாராளமாகக் கொள்ளலாம். பிரேக் பிடிக்கும் இடத்தில் மிச்சத்தை எடுத்துவிடலாமா? புவியீர்ப்பைப்போல் நான்கு மடங்கு தடுப்பு விசையில் 310இலிருந்து 90க்கு இறங்கத் தொண்ணூறு மீட்டர்கூட வேண்டாம். ஒன்றரை நொடியில் முடிந்துவிடும். அதற்குள் என்ன சாகசம் செய்தாலும் கிடைப்பது சில மீட்டர்தான். ஆகவே 12ஆம் வளைவில் முந்த வேண்டுமென்றால், 11ஆம் வளைவிலிருந்து வெளியே வரும்போதே முன்காரின் பின்னால் அரை நொடிக்குள் ஒட்டியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் அது 12 மீட்டர், இரண்டு கார் நீளம். ஒரு நொடிக்குள் வந்தால் சிறகு திறக்கும். அரை நொடிக்குள் வந்தால்தான் வழி திறக்கும்.

அப்படி ஒட்ட முடியாமல் தடுப்பது காற்று. ரேஸ் காரின் சிறகுகளும் அடித்தளமும் சீரான காற்றை எதிர்பார்த்துச் செதுக்கப்பட்டவை. முன்னே போகும் கார் அந்தக் காற்றைக் கிழித்து, சுழற்றி, களைத்துப்போன காற்றாக விட்டுச் செல்கிறது. ரசிகர்கள் ‘டர்ட்டி ஏர்’ என்பது இதைத்தான். நேர்ச்சாலையில் அதற்குள் நுழைந்தால் எதிர்ப்பு குறைவு, நண்பன். வளைவில் நுழைந்தால் முன்சிறகுக்கு அமுக்கம் கிடைக்காமல் கார் திரும்ப மறுக்கும், எதிரி. திரும்ப மறுக்கும் டயர் சறுக்கும், சறுக்கிய டயர் அளவுக்கு மேல் சூடாகும், சூடானால் பிடிப்பு இன்னும் போகும். 2022 விதிமாற்றத்தின்போது ஃபார்முலா ஒன் நிர்வாகம் வெளியிட்ட எண்களின்படி, பழைய கார்கள் இருபது மீட்டர் பின்னால் வந்தால் 35 சதவீதக் கீழழுத்தத்தையும், பத்து மீட்டர் பின்னால் வந்தால் 46 சதவீதத்தையும் இழந்தன. கிட்டத்தட்டப் பாதி! நாம் மேலே கேட்ட 12 மீட்டர் எவ்வளவு பெரிய வரம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆஸ்டின் தடத்தில் இந்தச் சிக்கல் முற்றும் இடம் 3இலிருந்து 6 வரையான வளைவுகள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் உள்ள புகழ்பெற்ற பாம்புவளைவுகளைப் பார்த்து, தடத்தை வடிவமைத்த ஹெர்மன் டில்கே அமைத்தது. இடம், வலம், இடம் என்று அதிவேகத்தில் ஆடிப்போகும்; ஒரு வளைவில் தவறினால் அடுத்ததிலும் தவறுவீர்கள். அமுக்கம் முழுக்கக் காற்றிலிருந்து வருவதால் டர்ட்டி ஏரின் விலை இங்கே உச்சம்.

அன்று பல சுற்றுகளாக ஹாமில்டன் வெட்டலின் பின்னால் ஒரு நொடியை ஒட்டியே தொங்கிக்கொண்டிருந்தார். நெருங்குவார், பாம்புவளைவில் விலகுவார், கொண்டை ஊசியில் நெருங்கியதுபோல் தெரியும், நேர்ச்சாலையில் போதாது. அடிப்படையில் சமமான இரண்டு கார்களுக்குள் இது முடிவில்லாமல் நடந்திருக்கும். 42ஆம் சுற்றில் வெட்டலுக்கு முன்னால் ஹெச்ஆர்டி என்ற ஏழை அணியின் கார் ஒன்று, ஒரு சுற்று பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன். நீலக் கொடி காட்டினால் பின்தங்கியவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் பாம்புவளைவுக்குள் எங்கே ஒதுங்குவது? கோட்டைவிட்டு விலகினால் அவரே சுழன்று எல்லோர் குறுக்கிலும் நின்றிருப்பார். வெட்டல் அந்த ஏழைக் காரின் கலங்கிய காற்றுக்குள் மாட்டினார். சாம்பியன் காரின் சிறகுகள் சிறப்பாகச் செதுக்கப்பட்டவைதான். ஆனால் கலங்கிய காற்று யார் காரிலிருந்து வருகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. வெட்டல் வேகம் குறைந்தார். பின்னால் இருந்த ஹாமில்டனுக்குத் தேவைப்பட்ட அந்த அரை நொடி, இனாமாகக் கிடைத்தது. கொண்டை ஊசியைத் தாண்டி ஒட்டிக்கொண்டு வந்தார், சிறகைத் திறந்தார், 12ஆம் வளைவுக்கு முன்னாலேயே தாண்டிவிட்டார். பந்தயம் அங்கேயே முடிந்தது.

வெட்டல் புலம்பினார். அவருக்கும் கார்த்திகேயனுக்கும் முன்கதை ஒன்று உண்டு: அதே ஆண்டு மார்ச்சில் மலேசியாவில் இருவர் காரும் உரசி வெட்டலின் டயர் பஞ்சரானபோது, ஜெர்மானியர்கள் மக்கு என்ற அர்த்தத்தில் சொல்லும் ‘வெள்ளரிக்காய்’ பட்டத்தை வெட்டல் இவருக்குக் கொடுத்திருந்தார். ஆஸ்டினில் கார்த்திகேயன் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரர் என்பதால் இல்லை. ஓட்டுநர் எவராக இருந்தாலும் அந்த நான்கு வளைவுக்குள் காற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது. ஹாமில்டன் பல சுற்றுகளாக விடாமல் ஒரு நொடியை ஒட்டியே இருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டம் அவருக்குப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நொடி பின்னால் இருந்திருந்தால் கார்த்திகேயன் அவருக்கும் இடைஞ்சலாகத்தான் இருந்திருப்பார்.

நியூஜெர்சி நண்பனுக்கு டிஆர்எஸ் என்றாலே ஆகாது. “பட்டனை அமுக்கி முந்துறதெல்லாம் ஒரு முந்தலாடா?” என்பான். அவனுக்கு ஆறுதலாக 2022 விதிகள் வந்தன: காற்றைக் கலக்கும் நுணுக்கச் சிறகுகளைக் குறைத்து, அமுக்கத்தின் பெரும்பங்கை அடித்தளத்துக்கு மாற்றினார்கள். பத்து மீட்டரில் 46 சதவீத இழப்பு 18 சதவீதமாகும் என்றார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அணிகளின் பொறியாளர்கள் விதியின் ஓட்டைகளில் புகுந்து காற்றை மறுபடி வெளியே தள்ளக் கற்றுக்கொண்டார்கள்; பின்தொடர்வது பழையபடி கடினமானது. 2026இல் டிஆர்எஸ்ஸையே எடுத்துவிட்டு, எல்லோருக்கும் அசையும் சிறகும், ஒரு நொடிக்குள் பின்னால் வருபவருக்குக் கூடுதல் மின்சக்தியும் என்று மாற்றியிருக்கிறார்கள். பட்டன் போகவில்லை, பேட்டரிக்கு இடம் மாறியிருக்கிறது. நண்பனின் கேள்வியும் அப்படியே இருக்கிறது.

அந்த 12ஆம் வளைவு மட்டும் சண்டைக்குச் சலித்ததே இல்லை. 2024இல் பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருக்கும்போது லாண்டோ நோரிஸ் அங்கே மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை வெளிப்பக்கமாக முந்தினார். இருவரும் தடத்துக்கு வெளியே போனார்கள். தடத்துக்கு வெளியே முந்தியதாக நோரிஸுக்கு ஐந்து நொடி தண்டனை. மூன்றாவதாக வந்தவர் நான்காவதானார். அங்கே சாலையை வேண்டுமென்றே அகலமாகப் போட்டிருக்கிறார்கள், உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று துணிந்து நுழையட்டும் என்று. துணிந்து நுழைகிறார்கள். வெளியே வரும்போதுதான் ஒருவருக்கு இடமிருப்பதில்லை.

அதனாலேயே 12ஆம் வளைவு மேடைக்கு டிக்கெட் எப்போதும் அடிதடி. நாங்களும் ஞாயிறுக்கு அங்கேதான் வாங்கியிருந்தோம். சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து, தயிர்ச்சாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாமா இவ்வளவையும் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அப்ப அந்தப் பாம்புவளைவுக்குப் பக்கத்துல ஒக்கார எடமில்லீங்களா தம்பி?”

புல்சரிவு இருக்கிறது மாமா, ஆனால் நாற்காலி கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும், முந்துவது எதுவும் கண்ணில் படாது என்றேன்.

ஞாயிறு காலை மற்றவர்கள் எழுவதற்குள் அவர் தலைக்குத் துண்டு கட்டி, தண்ணீர்ப் பாட்டிலும் மகளிடம் கேட்டு வாங்கிய மடக்குப் பாயுமாக வாசலில் நின்றார். முந்துவதைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கும் தோன்றியது. அவரோடு நானும் போனேன். சரிவில் பாயை விரிக்குமுன் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சரிவு நெடுகக் கட்டைவிரல் போகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது.

“மழ பேஞ்சு ரொம்ப நாளாச்சுங்க போல” என்றார்.